டயலில் உள்ள எண்ணும் கழுத்தில் உள்ள தோலும்

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குக் கழுத்தின் இடப்பக்கத்தில் மட்டும், தாடைக்குக் கீழே, கடுகைத் தூவியதுபோல் சிவந்த பருக்கள் இருந்தன. வலப்பக்கத்தில் அதில் கால்வாசிகூட இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பை மூன்று வாரமாகப் பூசிவந்ததால் சிவப்பு சற்று அடங்கியிருந்தது; தோலும் மெலிந்து போயிருந்தது. எந்த ரேசர் என்று கேட்டேன். “புதுசா வாங்கினேன் டாக்டர், திருகினா கூட்டிக் குறைச்சு வச்சுக்கலாம்” என்றார். மறுமுறை வரும்போது அதை எடுத்துவரச் சொன்னேன்.

இருபக்கமும் கூருள்ள பிளேடு மாட்டும் ரேசர் அது. பிளேடு மாட்டியபடியே அதன் தலையைக் கண்ணுக்கு நேராக, டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் பிளேடின் விளிம்பு, நூல் பிடித்ததுபோல் ஒரே சீராக வெளியே தெரிந்தது. மறுபக்கத்தில் அதே விளிம்பு ஒரு முனையில் உள்ளடங்கியும் மறுமுனையில் துருத்திக்கொண்டும் சாய்ந்திருந்தது. ஒரு கன்னத்துக்கு ஒரு பக்கம் என்று வழித்துப் பழகியவர் அவர். சாய்ந்த பக்கம் இடக் கழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ரேசரில் எண்கள் பொறித்த திருகு டயல் ஐந்தில் நின்றது.

டயலைத் திருகும்போது என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பிளேடின் விளிம்புக்கும் அதன் கீழே தோலைத் தாங்கும் தடுப்பு விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடுகிறது அல்லது குறைகிறது, அவ்வளவுதான். இடைவெளி கூடினால் ஒரே இழுப்பில் அதிக முடியும் நுரையும் உள்ளே போகும். கூடவே தோலும் அந்தச் சந்தில் சற்றுப் புடைத்து எழுந்து பிளேடின் வழியில் நிற்கும். ஆகவே உயர்ந்த எண் என்பது மூன்று நாள், நான்கு நாள் வளர்ந்த தாடிக்கு உரியது. நாள்தோறும் சவரம் செய்பவர் கன்னம் இன்னும் வழவழப்பாக வேண்டும் என்பதற்காக அதை ஏற்றினால் தோலின் மேற்படலத்தைத்தான் சீவி எடுக்கிறார். ஜில்லெட் நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த, பின்னாளில் ‘ஃபேட்பாய்’ என்று பெயர் பெற்ற ரேசரில் 1 முதல் 9 வரை எண்கள் இருந்தன. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் தயாராகும் மெர்க்கூர் ஃபியூச்சரில் 1 முதல் 6 வரை. ஒன்றின் ஐந்தும் மற்றொன்றின் ஐந்தும் ஒன்றல்ல. நண்பர் நான்கில் வைக்கிறார் என்பதற்காக நாமும் நான்கில் வைப்பது, அடுத்தவரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வதைப் போன்றது.

இப்படித் திருகும் ரேசர்களில் மலிவு விலையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி ஃபியூச்சரைப் பார்த்துச் செய்த சீன நகல்கள்; மிங் ஷி 2000எஸ் அவற்றில் பெயர் தெரிந்த ஒன்று. மூலத்தின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும் இவற்றை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. துத்தநாகக் கலவையை வார்த்துக் குரோமியம் பூசியவை என்பதால் பூச்சு உரியத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும். பூச்சுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும், கைக்கடிகாரப் பட்டையோ பெல்ட் கொக்கியோ பட்டாலே அரிப்பவர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. இந்த வகையில் மேல்மூடி திருகில் இறுகாமல் அழுத்திப் பொருத்துவதாக இருக்கும். சோப்பு நுரை படிந்த விரலால் அதைக் கழற்றப் போய், முகத்தில் ஒரு கீறலும் இல்லாமல் கட்டைவிரலில் தையல் போட்டுக்கொண்டவரை எனக்குத் தெரியும். கையையும் ரேசரையும் துடைத்துவிட்டு, பிளேடின் கூர் இல்லாத குறுகிய முனைகளின் பக்கமாகப் பிடித்துத்தான் மூடியை எடுக்க வேண்டும்.

இந்தியாவில் தயாராகும் பார்க்கர் வேரியன்ட், நகலைவிட விலை கூடியது என்றாலும், தினமும் பயன்படுத்துபவர் அந்தக் கூடுதல் தொகையைக் கொடுப்பதில் நட்டமில்லை. என் சொந்தத் தேர்வைக் கேட்டால், டயலே இல்லாத ராக்வெல் 6சி வகையைச் சொல்வேன். இருபுறமும் பயன்படும் மூன்று அடித்தட்டுகள் அதில் உண்டு. தட்டை மாற்றினால் இடைவெளி மாறும், 0.20 மில்லிமீட்டரிலிருந்து 0.79 வரை ஆறு நிலைகள். சவரத்தின் நடுவே திருக முடியாது என்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர்களைப் பார்த்துப் பார்த்து, எனக்கு அதுதான் அதன் நிறை என்று தோன்றுகிறது.

எதை வாங்கினாலும் பிளேடு மாட்டிய ஒவ்வொரு முறையும் அந்த வெளிச்சச் சோதனையைச் செய்யுங்கள். சாய்ந்திருந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். பிளேடை மாற்றியும் அதே பக்கம் சாய்ந்தால் ரேசரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிளேடுகள் எல்லாம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒரே அளவுத் தகடுகள்தான். கூர் தீட்டிய விதத்திலும் விளிம்பின் மேற்பூச்சிலும்தான் வேறுபாடு. ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மையானது; தாழ்ந்த எண்ணில் அடர்ந்த தாடியையும் சுலபமாக எடுக்கும், உயர்ந்த எண்ணில் கை நடுக்கத்தைப் பொறுக்காது. துருக்கியின் டெர்பி சாது. முரட்டு முடியில் அது இழுத்துப் பிடிக்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் செவன் ஓ’கிளாக் இரண்டுக்கும் நடுவில் நிற்பது என்பது என் அனுபவம். நம் ஊர் பிளேடு ஒன்றின் விலை ஒரு டீயைவிடக் குறைவு. அப்படியிருந்தும் அதை மூன்று வாரம் ஓட்டுபவர்கள், அது இழுக்கத் தொடங்கியதும் டயலைத்தான் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி, சாய்வாக வளைந்து மோதும்போது பிளேடின் விளிம்பில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடுகிறது. பல் பெயர்ந்த விளிம்புக்கு இடைவெளியைக் கூட்டிக் கொடுத்தால் தோலுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து முதல் ஏழு சவரங்களுக்குள் பிளேடை மாற்றச் சொல்வது அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம். நம் புழுக்கத்தில் நான் ஐந்தோடு நிறுத்தச் சொல்கிறேன். புது ரேசரில் பழகும்போது டயலை 2-இல் வைத்து, ஒரே பிளேடு வகையுடன் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்து, பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எரிச்சல் எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

குளித்து முடித்ததும், முடி ஊறியிருக்கும்போது, அழுத்தாமல் முடி வளரும் வாக்கிலேயே வழிப்பது நல்லது. கழுத்தில் முடி சுழித்து வளர்பவர்கள் எதிர்வாக்கில் இழுப்பதை விட்டுவிட்டாலே போதும், உள்நோக்கி வளரும் முடியால் வரும் பருக்களில் பெரும்பகுதி குறையும். முடித்தபின் படிகாரக் கல்லை ஈர முகத்தில் தேய்த்துப் பாருங்கள். எங்கே சுரீர் என்று எரிகிறதோ அங்கே அதிகமாகச் சீவியிருக்கிறீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்களும் முதல் எண்ணைத் தாண்டவே வேண்டாம்.

அப்பாவுக்கு மூன்று, மகனுக்கு ஒன்று என்று ஒரே ரேசரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் இப்போது பெருகியுள்ளன. இரத்தம் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கக் கூடியது. தட்டை மருக்களும் பிளேடு போன கோட்டிலேயே வரிசை கட்டிப் பரவும். மரு இருக்கும் இடத்தில் அது குணமாகும்வரை பிளேடு படக் கூடாது. அந்த ஆசிரியரிடமும் இதைக் கேட்டேன். வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை என்றார். களிம்பை நிறுத்தி, ரேசரை மாற்றி, டயலை இரண்டில் வைத்து ஆறு வாரத்தில் கழுத்து தெளிந்தது.

தீர்ந்த பிளேடுகளை என்ன செய்வது என்றும் அவர் கேட்டார். நான் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறி வைத்திருக்கிறேன். நிறைந்ததும் வாய்க்கு டேப் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, குப்பையில் கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுத்துவிடுவேன். இப்போதுள்ள டப்பா மூன்று ஆண்டாகியும் பாதிதான் நிறைந்திருக்கிறது.