பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையா? பள்ளியில் உரிமையோடு கேளுங்கள்

2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம். வேலூர் மாவட்டம் 82.07 சதவீதத்தோடு கடைசி இடத்தில் இருந்தது. முடிவு வந்ததும் எல்லாரும் பத்தாம் வகுப்பு ஆசிரியரைத்தான் கேட்டார்கள். ஆனால் பத்தாம் வகுப்புக்கு வந்தபின் யாரும் திடீரென்று பின்தங்குவதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமலே ஆறாம் வகுப்பு ஏறிய பிள்ளைதான் அங்கே வந்து தடுக்கி விழுகிறது.

இதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009, 24ஆவது பிரிவைப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட வேண்டும். தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இது ஆசிரியரின் கடமை, நமக்குச் செய்யும் தயவு அல்ல. அதே சட்டத்தின் 28ஆவது பிரிவு ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. ஆகவே "டியூஷன் வைங்க" என்ற ஒரு பதிலோடு பள்ளி நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது.

நடைமுறையில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இருக்கிறது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் படிக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் முறை அது. ஆறு முதல் ஒன்பது வரை 2025-26இல் 'திறன்' திட்டம் வந்தது. முதலில் ஒரு அடிப்படைத் தேர்வு, அப்புறம் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிக் கவனம்.

சரி, போய் என்ன கேட்பது? "என் பிள்ளை அடிப்படைத் தேர்வில் எந்த நிலை? கூடுதல் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்களா?" இந்த இரண்டு கேள்வி போதும். மெல்லக் கற்கும் பிள்ளைகள் பட்டியலில் பெயர் வந்துவிட்டதே என்று வெட்கப்பட வேண்டாம். பெயர் வராமல் போவதுதான் நஷ்டம்.

நம் வேலூர் மாவட்டத்துக்கென்று சில சிக்கல்கள் உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் பிள்ளைகளின் கையும் வேலைக்குப் போகிறது. வீட்டில் உருதோ தெலுங்கோ பேசிவிட்டுத் தமிழ்வழி வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குக் கேள்வியே புரியாமல் போகலாம். அதை மந்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆசிரியரிடம் வீட்டு மொழியைச் சொல்லிவிடுங்கள், அது மிகவும் உதவும். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற மலை ஊர்களில் பள்ளிக்குப் போய்ச் சேருவதே பாடு. தொலைவான குடியிருப்புகளின் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து உதவியும் துணையாள் ஏற்பாடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உண்டு. தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள். செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போய்ப் படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது.

கேட்டும் நடக்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப்பேர் பெண்கள். தலைவரிடம் தேதி போட்டு எழுதிக்கொடுங்கள், ஒரு நகல் கையில் இருக்கட்டும். அப்புறமும் அசையாவிட்டால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417.