மெஷுகா பாட்டில் தாளம் எங்கே இருக்கிறது?

ஸ்வீடன் நாட்டு மெட்டல் (கனத்த, ஆவேசமான ராக் இசை) குழுவான மெஷுகாவை முதல்முறை கேட்பவர்கள் பலர், "இதில் தாளமே இல்லையே" என்பார்கள். தாளம் இருக்கிறது, அதுவும் மிக எளிய நாலு எண்ணிக்கைத் தாளம். நம் காது அதை வேறு இடத்தில் தேடுகிறது.

1998இல் வந்த 'கேயாஸ்ஃபியர்' ஆல்பத்தில் 'நியூ மில்லேனியம் சயனைடு கிறைஸ்ட்' என்றொரு பாட்டு. அதில் டிரம்மர் டோமஸ் ஹாகேயின் கைகள் சிம்பல் என்ற உலோகத் தட்டிலும் ஸ்னேர் என்ற சிறிய டிரம்மிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நேராகப் போகின்றன. கால்களுக்கு வேறு கணக்கு. நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றை 16 சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கால்கள் பேஸ் டிரம்மில், அதாவது மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்மில், வாசிக்கும் வடிவத்தின் நீளம் 23 துண்டு. கிட்டாரும் அதோடுதான் போகிறது. 16க்குள் 23 அடங்காது. அதனால் அந்த வடிவம் ஒவ்வொரு முறையும் சுற்றின் வேறொரு புள்ளியில் தொடங்குகிறது. ஐந்து முறை வாசித்தால் 115 துண்டு. எட்டுச் சுற்றுக்கு வேண்டியது 128. மீதி 13. ஆறாவது முறை வடிவத்தை 13லேயே வெட்டிவிடுகிறார்கள், கைகளும் கால்களும் ஒன்றாக முதல் எண்ணிக்கையில் வந்து இறங்குகின்றன. கர்நாடகக் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை என்ற முடிவுக் கணக்கு சமத்தில், அதாவது தாளத்தின் முதல் எண்ணிக்கையில், வந்து விழுவதை ரசித்தவர்களுக்கு இந்தச் சுகம் புதிதல்ல.

அப்படியானால் ஏன் குழம்புகிறோம்? தாளம் கேட்கும்போது நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் வேலை செய்வதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கணிப்புக்கு அது பெரும்பாலும் பிடித்துக்கொள்வது கனமான, சத்தமான ஒலிகளை. இங்கே கனமெல்லாம் 23இன் பக்கம். நேரான எண்ணிக்கையைச் சொல்லும் சிம்பல் மேலே மெலிதாக ஒலிக்கிறது. கணிப்பு திரும்பத் திரும்பத் தவறுகிறது, எரிச்சல் வருகிறது.

குரலும் கைகொடுப்பதில்லை. மெஷுகாவின் பாடகர் பாடுவது உறுமல் பாணியில். அதில் வழக்கமான குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளும் சேர்ந்து ஒழுங்கில்லாமல் அதிர்கின்றன. சுருதி மங்கி, கரகரப்பு மேலே வருகிறது. பிடித்துக்கொள்ள ஒரு மெட்டு கிடைப்பதில்லை. இந்தக் குரலை நான் இன்னொரு தாளக்கருவியாகவே கேட்கிறேன், அப்போதுதான் அது எவ்வளவு துல்லியமாக விழுகிறது என்று தெரிகிறது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே உதவும். தங்களுக்கு மிகப் பிடித்த இசையைக் கேட்டவர்களின் மூளையில், உடல் சிலிர்க்கும் அந்த நொடியில் மட்டுமல்லாமல், அது வருவதற்குச் சற்று முன்பே இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்திருந்தது. 'இதோ வரப்போகிறது' என்ற எதிர்பார்ப்பிலும் இன்பம் இருக்கிறது. ஆனால் எதிர்பார்க்க வேண்டுமென்றால் முதலில் பாட்டு தெரிந்திருக்க வேண்டும். கடினமான ஆல்பங்களை ஒரே முறை கேட்டுவிட்டு ஒதுக்குவது நியாயமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, எப்படிக் கேட்பது? 23ஐ எண்ணவே எண்ணாதீர்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு, கிட்டாரை விட்டுவிட்டு, சிம்பலோடு மட்டும் கையால் தாளம் போடுங்கள். கை தானாக ஓடத் தொடங்கியதும் கவனத்தை மெதுவாகக் கிட்டாருக்குக் கொண்டுபோங்கள். முன்பு தாறுமாறாகத் தெரிந்தது இப்போது உங்கள் தாளத்தின் மேல் நகர்ந்து போவது கேட்கும். சில முறை கேட்டால் எட்டாவது சுற்றின் முடிவை உடம்பே எதிர்பார்க்கும்.

அப்புறம் 2008இல் வந்த 'ஒப்ஸென்' ஆல்பத்தின் 'ப்ளீட்' பாட்டுக்குப் போகலாம். 2005இன் 'கேட்ச் தர்ட்டித்ரீ'யை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 47 நிமிடம் ஒரே படைப்பாக ஓடும் ஆல்பம் அது. அதை ஒரே அமர்வில், நடுவில் நிறுத்தாமல் கேட்க வேண்டும்.