விருந்து வீட்டுக்கு இடுப்பில் துப்பாக்கியோடு போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, சட்டத்தடை எதுவும் இல்லாதவர் உரிமம் வாங்காமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். பொது இடத்துக்குச் சரி. அடுத்தவர் வீட்டுக்கு? தென் கரோலினா, லூசியானா, அலாஸ்கா மாநிலங்களில் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் உள்ளே கொண்டுபோனால் குற்றம். மற்ற இடங்களிலும், ‘வேண்டாம்’ என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

முதல்நாளே போனில் கேட்டுவிடுங்கள். “அண்ணா, நான் துப்பாக்கி வைத்திருப்பேன். எடுத்து வரலாமா, வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டுமா?” இவ்வளவு போதும். வாசலில் நாலு பேர் முன்னால் கேட்டால் முகத்துக்கு அஞ்சிச் சரி என்பார். அது சம்மதம் ஆகாது.

நம் வீட்டு விருந்துக்கென்று சில சிக்கல்கள் உண்டு. குனிந்து செருப்பைக் கழற்றும்போது சட்டை மேலேறி, பின்இடுப்பில் இருப்பது தெரிந்துவிடும். முன்வயிற்றில் செருகியவர் பாயில் சம்மணமிட்டால் குழல் சொந்தத் தொடையைப் பார்க்கும். பெல்ட்டில் மாட்டும் துப்பாக்கி உறையான ஹோல்ஸ்டர் வேட்டியில் நிற்காது. கெட்டியான பெல்ட் இல்லாத உடை என்றால் துப்பாக்கியும் வேண்டாம்.

விபத்து பெரும்பாலும் துப்பாக்கி உடம்பில் இருக்கும்போது நடப்பதில்லை, கழற்றி வைக்கும்போதுதான். கழிவறையில் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்து மறந்துவிட்டு வருவது பழைய கதை. அடுத்து உள்ளே போவது ஆறு வயதுப் பையனாக இருக்கலாம். ஹோல்ஸ்டரோடு, இறக்கிய கால்சட்டைக்குள்ளேயே இருக்கட்டும். ஜாக்கெட்டில் வைத்துக் கட்டிலில் போடுவதும், கைப்பையில் வைத்து நாற்காலியில் மாட்டுவதும் அதே தவறுதான். 2014 டிசம்பர் 30 அன்று ஐடாஹோவின் ஹேடனில், கடையில் தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்து 2 வயதுக் குழந்தை சுட்டதில் அந்தத் தாய் இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தைத்த பை அது. பரவலாக விற்கும் க்ளாக் வகைக் கைத்துப்பாக்கியில் சுடும் விசையை (டிரிகரை) இழுக்கச் சுமார் 2.5 கிலோ அழுத்தம் போதும். விரலால் தட்டிப்போடும் தனிப் பூட்டும் கிடையாது. குழந்தை இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினால் வெடித்துவிடும். அதனால் விசையை முழுக்க மூடும் விறைப்பான ஹோல்ஸ்டர் கட்டாயம். துணி உறை உதவாது.

காரில் விடுவதென்றால், முன்இருக்கைக்கு எதிரே உள்ள க்ளவ் பாக்ஸ் பெட்டகம் அல்ல. இருக்கையின் இரும்புத் தண்டோடு எஃகுக் கம்பியால் பிணைத்த சிறு பூட்டுப்பெட்டி வாங்குங்கள். பார்ட்டி வீட்டு வாசலில் பூட்டிக்கொண்டிருந்தால் நாலு கண் பார்க்கும், கிளம்புமுன்பே பூட்டிவிடுங்கள். ஹோல்ஸ்டரோடு சேர்த்தே கழற்றி வையுங்கள். தோட்டாவை எடுத்தே ஆகவேண்டுமென்றால், பாதுகாப்பான திசையில் குழலை நீட்டி, விசையில் விரல் படாமல், முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை உருவுங்கள். பிறகுதான் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். வரிசை மாறினால், ஒரு தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறும். ‘காலி’ என்று நம்பிய துப்பாக்கி வெடிப்பது இப்படித்தான். தோட்டா ஏறும் அறை காலியா என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள்.

மது பரிமாறும் வீடு என்றால் காரிலும் வேண்டாம்.

“கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்கும் நண்பர் எச்-1பி வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருந்தால் கையில் கொடுக்காதீர்கள். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். “பத்திரமா வெச்சிருங்க” என்று வீட்டுக்காரரிடம் ஒப்படைக்குமுன்பும் இதை யோசியுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்த விசாத் தடை பொருந்தாது.