சின்னம்மாவின் புள்ளி நோட்டு

சித்தப்பா தவறிய வருடம், கோலாலம்பூர் செந்தூலில் சின்னம்மா வீட்டுக்குத் தீபாவளி இல்லை. வாசலில் கோலமும் கூடாது. ஆனால் தூக்கம் வராத ராத்திரிகளில் கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைக்கத் தொடங்கினார். ஏழு புள்ளி, ஏழு வரிசை. பென்சில் கோடு ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துக்கொண்டு, எங்கும் அறுபடாமல் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரு வளைவு பிசகினாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவார். “சிக்குக் கோலம் போடுறப்போ மட்டும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் கண்ணு முன்னால வரல” என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. ஒரு காட்சியை மனக்கண்ணில் ஓட்டவும், கண்ணும் கையுமாக ஒரு கோட்டைத் தொடரவும் மூளை பயன்படுத்துவது ஒரே தற்காலிக நினைவைத்தான். அதில் இடம் மிகக் குறைவு. கோடு அதை நிரப்பிக்கொண்டால் கட்டிலின் காட்சி மங்கிவிடுகிறது.

அப்படியானால் இது துக்கத்தைத் தள்ளிப்போடும் வேலையா? நான் அப்படி நினைக்கவில்லை. இழப்பை நோக்கிப் போவதும், விலகி அன்றாடத்துக்குத் திரும்புவதுமாக மாறி மாறி ஊசலாடித்தான் மனம் தேறுகிறது என்று 1999-இல் உளவியல் ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் விளக்கினார்கள். பல வருடம் ஒருவரோடு வாழ்ந்த மூளை, அவர் வருவார் என்றே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. சின்னம்மா பல மாதம் இரண்டு கோப்பைத் தேநீர் கலக்கினார். அந்தக் கணக்கு ஒவ்வொரு முறை பொய்க்கும்போதும் மூளை கொஞ்சம் திருத்திக்கொள்கிறது. துக்கத்தைக் கற்றலாகவே பார்க்கிறார் ஆய்வாளர் மேரி பிரான்சஸ் ஓ’கானர். வரைய உட்காருபவர் இறந்தவரை நினைத்துத்தான் உட்காருகிறார்; கண் மட்டும் புள்ளியில் இருக்கிறது. தாங்கக்கூடிய அளவில் பாடம் நடக்கிறது.

அப்புறம் உடம்பு. 2016-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று விருப்பப்படி செய்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு குறைந்தது. துக்கத்தில் இருப்பவர்களைத் தேடிச் செய்த ஆய்வு அல்ல இது. ஆனாலும் முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பதால் பலன் மாறவில்லை. ‘எனக்கு வரைய வராதே’ என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். வருடம் கழிந்தும் அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் நோட்டு மட்டும் போதாது, உளநல ஆலோசகரிடம் போக வேண்டும்.

மறு வருடத் தீபாவளிக்குப் பிளாட்டின் கீழ்த்தளத்தில் சாய அரிசிக் கோலம் போட்டார்கள். சின்னம்மா அரிசியில் நீலத்தைப் பிசறிப் பேப்பரில் உலர்த்தினார். வெளிறிப் போனது. மறுபடி கலந்தார், சித்தப்பா ஓட்டிய லாரியின் நீலம் வரும்வரை.