315ஆவது அமினோ அமிலம்

"அப்பா மூன்று வருடமாக இமாட்டினிப் குளிசை போடுகிறார். இப்போது பிசிஆர் அளவு கூடிவிட்டது. மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சா, இல்லை ஏழரைச் சனியா?" கொட்டாஞ்சேனை வாசகி ஒருவரின் கேள்வி (பிசிஆர் என்பது குருதியில் நோய்க் கலங்களின் பரம்பரையலகு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பரிசோதனை). இரண்டும் இல்லை.

நாட்பட்ட மைலோயிட் குருதிப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்ள, ஏபிஎல் நொதியம் ஓயாமல் இயங்கி வெண்குருதிக் கலங்களைப் பெருக்குகிறது. அந்த நொதியம் ஏடிபியை, அதாவது கலத்தின் சக்தி மூலக்கூறைப் பிடிக்கும் குழிக்குள் இமாட்டினிப் போய் உட்கார்ந்தால் இயக்கம் நிற்கும்.

அந்தக் குழியில் 315ஆவது அமினோ அமிலம் திரியோனின். அதன் ஐதரொட்சில் கூட்டம் ஐதரசன் பிணைப்பால் இமாட்டினிப்பைப் பிடித்துவைக்கிறது. பரம்பரையலகில் ஒரேயொரு சைற்றோசின் தைமினாக மாறினால் போதும், அங்கே ஐசோலியூசின் வந்துவிடும். அதற்கு ஐதரொட்சில் இல்லை. பக்கச் சங்கிலியும் பருமன். பிடியும் போய் வழியும் அடைபடுகிறது. ஏடிபிக்கோ அந்தப் பிடி தேவையே இல்லை. மற்றக் கலங்களை மருந்து அழிக்க, பரம்பரையலகு மாறிய இந்த விகாரக் கலங்களே மிஞ்சிப் பெருகுகின்றன.

இதற்குக் கண்ட விடைகள் இரண்டும் அழகானவை. பொனாட்டினிப் என்ற மருந்தின் நடுவில் காபன்-காபன் மும்மைப் பிணைப்பு. மெலிந்து நேராக இருப்பதால் ஐசோலியூசினில் இடிபடாமல் நுழைந்துவிடும். மற்ற மருந்தான அசிமினிப் அந்தக் குழிக்கே போவதில்லை. சாதாரண ஏபிஎல் தன் மிரிஸ்டோயில் என்ற கொழுப்பமில வாலை வேறொரு குழிக்குள் செருகித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். நிறமூர்த்தம் முறிந்து ஒட்டும்போது அந்த வால் தொலைந்துபோகிறது. வெறுமையான அந்தக் குழிக்குள் அசிமினிப் போய், தொலைந்த வாலின் வேலையைச் செய்கிறது!

பிசிஆர் கூடினால் முதலில் குளிசை தவறியதா என்று பாருங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தாலும் ஈரல் இமாட்டினிப்பை வேகமாகச் சிதைத்துவிடும். இவை இல்லையென்றால், குளிசையை மாற்றுமுன் விகாரப் பரிசோதனை அவசியம். வந்திருக்கும் விகாரம் எஃப்317எல் என்றால் நிலோட்டினிப் குளிசை, வை253எச் என்றால் டசாட்டினிப் குளிசை; டி315ஐ, அதாவது மேலே சொன்ன மாற்றம் என்றால் இரண்டும் கேட்காது. பொனாட்டினிப்பை 45 மில்லிகிராமில் தொடங்கி, பிசிஆர் 1 சதவீதத்துக்கு இறங்கியதும் 15 ஆகக் குறைப்பார்கள். நாடிகளில் அடைப்பு வரலாம் என்பதால் நீரிழிவு, பிரஷர் உள்ளவர்களுக்கு மிகுந்த கவனம் தேவை. டி315ஐக்கு அசிமினிப் 200 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. எதற்கும் அடங்காமல் நோய் முற்றினால் என்பு மச்சை மாற்று.

விலை கூடிய குளிசைகளை ஊகத்தில் மாற்றிப் பார்ப்பதைவிட, இந்த விகாரப் பரிசோதனைக்கு அரசு காசு ஒதுக்குவது எவ்வளவோ மேல்.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும்போது பழைய பிசிஆர் அறிக்கைகளைத் திகதி வரிசையில் கொண்டுபோங்கள். ஆய்வுகூடம் மாறியிருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதனால் மட்டுமே எண் கூடித் தெரியலாம்.