எல்லையில் நிற்கும் மாறியைக் கவனியுங்கள்

ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும்போது ஒரே கணக்கில் என் பேனா நின்றுவிடுகிறது. எல்லைகளில் மாறி இருக்கும் தொகையை (integral) வகையிடும் கணக்கு அது. நன்றாகப் படிக்கும் மாணவர்களே அதில் மதிப்பெண்ணை இழப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்தை "மேல் எல்லையை உள்ளே போடு, தொகைக் குறி போய்விடும்" என்று அவர்கள் சுருக்கி வைத்திருக்கிறார்கள். கீழ் எல்லை மாறிலியாகவும், மேல் எல்லை வெறும் எக்ஸாகவும், உள்ளே எக்ஸ் இல்லாமலும் இருக்கும்வரைதான் அது செல்லும்.

சைன் டி என்ற சார்பை 0 முதல் எக்ஸின் வர்க்கம் வரை தொகையிட்டு, வந்ததை வகையிடச் சொன்னால், பலரும் 'சைன் எக்ஸ் வர்க்கம்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். தொகையை நேராகவே கண்டுபாருங்கள்: 1-இலிருந்து காஸ் எக்ஸ் வர்க்கத்தைக் கழித்தது. அதை வகையிட்டால் சைன் எக்ஸ் வர்க்கத்தோடு 2 எக்ஸ் பெருக்கமாக வந்து நிற்கும். எங்கிருந்து வந்தது? தொகையைப் பரப்பாகப் பார்த்தால் மேல் எல்லை அதன் வலப்பக்கச் சுவர். எக்ஸ் 3-இலிருந்து 3.01-க்கு நகரும்போது சுவர் 9-இலிருந்து 9.0601-க்குப் போகிறது, ஏறக்குறைய 6 மடங்கு நகர்வு. சங்கிலி விதி இங்கே சொல்வது இதைத்தான். கீழ் எல்லையும் நகர்ந்தால் இடப்பக்கச் சுவர் பரப்பைக் குறைக்கும். அதனால் கழித்தல் குறி.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இன்னொரு வகை. எக்ஸிலிருந்து டி-யைக் கழித்து, டி-யைப் பொறுத்து 0 முதல் எக்ஸ் வரை தொகையிடுங்கள். குறுக்கு வழியில் போனால் வகைக்கெழு 0. ஆனால் இந்தப் பரப்பு, அடியும் உயரமும் எக்ஸாக உள்ள செங்கோண முக்கோணம். பரப்பு எக்ஸ் வர்க்கத்தில் பாதி, வகைக்கெழு எக்ஸ். சுவர் நிற்கும் இடத்தில் உயரம் 0 என்பது உண்மைதான். ஆனால் எக்ஸ் கூடும்போது கூரை முழுவதுமே மேலே எழுகிறதே! அந்த எழுச்சியைக் கணக்கில் சேர்ப்பதுதான் இத்தகைய தொகைகளை வகையிடும் லைப்னிட்ஸ் விதியில், இரு சுவர்களுக்கான உறுப்புகளுக்குப் பின் வரும் கடைசி உறுப்பு: உள்ளே இருக்கும் சார்பின் பகுதி வகைக்கெழுவை (டி-யை மாறிலியாக வைத்து எக்ஸைப் பொறுத்து வகையிட்டதை) அதே எல்லைகளுக்கு இடையே தொகையிடுவது. சார்பும் அந்தப் பகுதி வகைக்கெழுவும் தொடர்ச்சியானவையாகவும், எல்லைகள் வகையிடத்தக்கவையாகவும் இருந்தால் விதியைத் தயங்காமல் கையாளலாம்.

என் வகுப்பில் கணக்கைத் தொடங்கும் முன் வினாவில் எக்ஸ் வரும் இடங்களையெல்லாம் வட்டமிடச் சொல்கிறேன். முக்கோணக் கணக்கில் வட்டங்கள் இரண்டு: ஒன்று மேல் எல்லையில், ஒன்று உள்ளே. இரண்டாவது வட்டத்தைப் போட்டவர்கள் 0 என்று விடை எழுதுவதில்லை.