தெதினா, ஒபெத்ஸ்: ஸ்லோவாக்கியச் சிற்றூருக்கு இரண்டு சொற்கள்

இருநூறு பேர் வாழும் ஒரு ஸ்லோவாக்கியச் சிற்றூரைப் பற்றித் தமிழில் எழுதும்போது, 'இது ஒரு நகராட்சி' என்று எழுதிவிடுகிறோம். மாதா கோவில் ஒன்று, தெரு இரண்டு, சுற்றிலும் உருளைக்கிழங்குக் காடு. அதற்கு நகராட்சி என்று பெயர்! ஸ்லோவாக்கில் 'ஒபெத்ஸ்' என்று இருப்பது ஆங்கிலத்தில் முனிசிபாலிட்டி ஆகிறது. முனிசிபாலிட்டி என்றாலே நம் கை தானாக நகராட்சி என்று எழுதிவிடுகிறது.

ஒபெத்ஸ் என்பதன் வேர், பொது என்று பொருள்படும் பழைய ஸ்லாவியச் சொல். ரஷ்ய மொழியில் பொதுவானது என்பதற்கு வழங்கும் 'ஓப்ஷி' இதன் உடன்பிறப்பு. ஆக, ஒபெத்ஸ் என்பது முதலில் இடத்தின் பெயரல்ல. பொதுவாகச் சேர்ந்திருக்கும் மக்களின் பெயர். 1990-ஆம் ஆண்டின் 369-ஆம் எண் சட்டம் இதைத் தன்னாட்சி அலகாக வரையறுத்தது. நாட்டில் இப்போது ஏறக்குறைய 2,890 ஒபெத்ஸ்கள் இருக்கின்றன. சுமார் 140 நகரங்களும் இந்தக் கணக்கில் அடக்கம். எட்டாயிரம் பேருக்கு மேல் வாழும் ஸ்மிஜானியும் ஊர்தான், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே உள்ள பிரீக்ராவும் ஊர்தான். இரண்டுமே சட்டத்தின் கண்ணில் ஒபெத்ஸ்.

தமிழில் இதற்குச் சரியான சொல் ஊராட்சி. நகரங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் உள்ளாட்சி எனலாம். உண்மையில் 'ஊர்' என்ற சொல்லே போதும் என்பது என் எண்ணம். 'ஊரே திரண்டு வந்தது' என்கிறோமே, அங்கே ஊர் என்பது மக்கள். சோழர் கல்வெட்டுகளில் ஊர் என்பது இடத்தையும் குறிக்கும், அங்கே கூடிய அவையையும் குறிக்கும். அவையார் தங்களை 'ஊரோம்' என்றே சொல்லிக்கொண்டார்கள். இவ்வளவு பொருந்தி வரும் சொல் கையிலிருக்க, நகராட்சி எதற்கு?

சரி, தெதினாவுக்கு வருவோம். பேச்சில் ஊரைக் குறிக்க ஸ்லோவாக்கியர்கள் சொல்வது இதைத்தான். எழுத்துப்படி தெதினா, அவர்கள் வாயில் 'த்யெத்யினா' என்று குழைந்து வரும். 'தெதோ' என்றால் தாத்தா. பாட்டன் வழியில் வந்த நிலம் என்பதே தெதினாவின் ஆதிப் பொருள். வாரிசாகப் பெறுவதற்கும் மரபுச் சொத்துக்கும் இதே வேரிலிருந்துதான் சொற்கள் வருகின்றன. உலகப் பாரம்பரியச் சின்னம் என்பதில் உள்ள பாரம்பரியம் அவர்கள் மொழியில் 'தெதிச்ஸ்த்வொ'.

இந்த இரண்டு சொற்களும் பிரிந்து நிற்பதைப் பார்க்க வில்கொலீனெத்ஸ் என்ற ஸ்லோவாக்கியச் சிற்றூர் நல்ல இடம். மலைச்சரிவில் ஏறத்தாழ 45 பழைய கட்டடங்கள். கல் அடித்தளத்தின்மேல் மரத்தடிகளை அடுக்கி, களிமண் பூசி, வெள்ளையோ நீலமோ அடித்த சுவர்கள். நடுவே ஒரு ஓடை. பக்கத்தில் 1770-இல் எழுப்பிய மர மணிக்கூண்டு. 'வில்க்' என்றால் ஓநாய். ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்திருக்கலாம். 1944-இல் நாஜிகளுக்கு எதிராக ஸ்லோவாக்கியர்கள் நடத்திய எழுச்சியின்போது ஜெர்மானியப் படை இங்கே சில வீடுகளைக் கொளுத்தியது. 1993-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த இடத்தில் இன்று நிலையாகக் குடியிருப்பவர்கள் மிகச் சிலர். ஆனால் இது ஒபெத்ஸ் இல்லை! 1882 முதல் ருஜொம்பெரொக் நகரத்தின் ஒரு பகுதி. தெதினா என்றால் தெதினாதான், ஆட்சி அலகாக மட்டும் அதற்குத் தனி இருப்பு கிடையாது. எனவே தெதினாவைச் சிற்றூர் என்றோ வெறுமனே ஊர் என்றோ எழுதலாம். ஊராட்சி என்று எழுதக் கூடாது.

'வெஸ்' என்று மூன்றாவது சொல்லும் உண்டு. இப்போது பெரும்பாலும் ஸ்பிஷ்ஸ்கா நோவா வெஸ் போன்ற ஊர்ப்பெயர்களில்தான் தங்கியிருக்கிறது. குடியிருப்பு, குடிமக்கள் என்று பொருள்படும் வடமொழி 'விச்' இதன் உறவு. நமக்குத் தெரிந்த 'வைசியர்' அந்த வடமொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

மக்கள்தொகையைப் படிக்கும்போது இந்த வேறுபாடு ரொம்பவே முக்கியம். 1715, 1720 ஆண்டுகளின் பட்டியல்கள் வரி கட்டும் குடும்பங்களை எண்ணியவை, தலைகளை அல்ல. 1869 முதல்தான் ஒப்பிட்டுப் பார்க்க வசதியான கணக்கு கிடைக்கிறது. அப்புறம் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் பல சிற்றூர்களைப் பக்கத்துப் பெரிய ஊரோடு இணைத்தார்கள். 1989-க்குப் பிறகு அவற்றில் பல மறுபடி தனியாகப் பிரிந்தன. ஓர் ஒபெத்ஸின் எண்ணிக்கை திடீரென்று பாதியானால் ஆட்கள் ஓடிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. எல்லைக்கோடு நகர்ந்திருக்கலாம். தெதினாவில் அதே வீடுகளில் அதே குடும்பங்கள் இருந்திருக்கும்.

ஊர் வரலாறுகளில் தவறாமல் வரும் இன்னொரு தொடர் 'முதல் எழுத்துச் சான்று'. வில்கொலீனெத்ஸுக்கு அது 1376. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டு ஆண்டுகள் இப்படி நிறைய ஊர்களுக்கு வரும். இந்தப் பகுதி அன்று ஹங்கேரி அரசில் அடங்கியிருந்தது. 1241-இல் மங்கோலியர் படையெடுப்பால் அந்த அரசு நிலைகுலைந்த பிறகு, அரசர்கள் புதுக் குடியேறிகளை வரவழைத்து நிலம் கொடுத்தார்கள். கொடைப் பத்திரங்களும் பெருகின. ஓர் ஊரின் பெயர் அப்படி ஒரு பத்திரத்தில் இடம்பெற்ற ஆண்டுதான் அது. ஆட்கள் அதற்கு முன்பே அங்கே உழுதுகொண்டிருந்திருக்கலாம். ஆகவே '1376-இல் நிறுவப்பட்டது' என்று மொழிபெயர்ப்பது பிழை. '1376-இல் முதன்முதலாக ஆவணத்தில் வருகிறது' என்பதே சரி.